நான்காவது அட்டை

ஜனவரி 12

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "வாத்தியாரே, இப்போ பள்ளிக்கூடமும் இல்லை, பரீட்சைத் தாளும் இல்லை. பகல் பூரா என்னதான் பண்ணுவீங்க?" அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். நாற்பது வருஷம் கேள்வி கேட்டே பழகியவன், பதில் சொல்லக் கொஞ்ச நாள் பிடித்தது. போனில் சொல்லலாம் என்றால், இன்ஜின் பக்கத்திலேயே முப்பது வருஷம் உட்கார்ந்த உங்கள் காது "என்ன, என்ன" என்று கேட்கும். அதனால் வழக்கம்போல கடிதம்.

போக்குவரத்து அலுவலகத்தில் புகைக் கண்காணிப்புக்கு ஓய்வு பெற்றவர்களைச் சேர்க்கிறார்கள். சம்பளம் கிடையாது. எங்கள் ஊரில் முப்பது பேர் சேர்ந்திருக்கிறோம், நானும் ஒருவன். ஆளுக்கொரு நிறப்பட்டை கொடுத்திருக்கிறார்கள். அதில் ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் வெளிர் சாம்பல், ஐந்தாவது கன்னங்கறுப்பு. வண்டி விடும் புகைக்கு நேராகப் பட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது கட்டத்தைவிடக் கறுப்பாக, ஐந்து எண்ணும் வரை விடாமல் புகை வந்தால் வண்டி எண்ணைப் புகார் அட்டையில் எழுதித் தபாலில் போட வேண்டும். ஒரே வண்டிமேல் மூன்று அட்டை சேர்ந்தால் சோதனைக்குக் கூப்பிடுவார்கள். சோதனையில் தேறிவிட்டு மறுபடியும் சாலையில் புகைந்தால் மூன்று வேண்டாம், ஒன்றே போதும். ஆள் ஏறிய வண்டியை நடுவழியில் நிறுத்திச் சோதிப்பார்கள். அதில் தவறினால் அந்த வண்டியின் வழித்தட அனுமதி ரத்து.

நான் வண்டியின் முகத்தைப் பார்ப்பதில்லை. பரீட்சைத் தாள் திருத்தும்போது பெயர் இருக்கும் மூலையை மடித்துவிட்டுத்தான் மதிப்பெண் போடுவேன். அதே பழக்கம். பின்னால் நின்று புகையைப் பார்க்கிறேன், எண்ணை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

கறுப்புப் புகை என்பது எரியாமல் வீணாகும் டீசல். சிம்னி விளக்கில் திரியை அளவுக்கு மேல் ஏற்றிப் பாருங்கள். வெளிச்சம் கூடாது, கண்ணாடிதான் கறுக்கும். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

நீங்கள் சொல்லச் சொல்ல உங்கள் கடிதங்களை என் மகள் எழுதுவதில் எனக்கொரு லாபம். அவள் கையெழுத்தைப் பார்த்தே அவள் நலம் தெரிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

---

ஜனவரி 23

மதிப்பிற்குரிய வாத்தியார் சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை மருமகள் வாசித்துக் காட்டினாள். சிரிப்பு தாங்காமல் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். பிறகு டிரைவரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "முதலாளி, வாத்தியாரய்யா இப்போ புகைக்கு மார்க் போடுறாரா? அப்போ நம்ம வண்டிதான் கிளாஸ்ல ஃபர்ஸ்ட்" என்கிறான்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புகையே விடாத பஸ் ஷெட்டில் நிற்கிற பஸ்தான். உங்கள் சிம்னி விளக்கு அறுபது பேரைச் சுமந்துகொண்டு மேடு ஏற வேண்டியதில்லை.

மருமகள் நலம். மூன்று பஸ்களின் நேரப் பட்டியலும் இப்போது அவள் கையில்தான். டிரைவர்களுக்கு என்னிடம் இருக்கிற பயத்தைவிட அவளிடம் இருக்கிற பயம் அதிகம். இதை எழுத மாட்டேன் என்றாள், நான்தான் வற்புறுத்தி எழுத வைத்தேன். என் மகன், அதாவது உங்கள் மாப்பிள்ளை, வெளியூர் வேலையிலிருந்து மாதக் கடைசியில் வருவான்.

வெயிலில் அதிக நேரம் நிற்காதீர்கள். சம்பந்தியம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பஸ்காரச் சம்பந்தி

---

மார்ச் 4

வாத்தியார் சம்பந்திக்கு,

உங்களிடம் ஒரு சங்கதியை மறைத்து வைத்திருந்தேன். பிப்ரவரி முதல் உங்கள் ஊர் வழியாக எங்களுக்கு ஒரு புது வழித்தடம் கிடைத்திருக்கிறது. 'பெரியவள்'தான் அதில் ஓடுகிறாள். தெரியுமே, நான் முதன்முதலில் வாங்கி, நானே பதினோரு வருஷம் ஓட்டிய பஸ். ஒருநாள் முன்சீட்டில் உட்கார்ந்து வந்து உங்கள் வாசலில் ஹாரன் அடித்து உங்களைத் தூக்கிவாரிப்போட வைக்கலாம் என்று இருந்தேன்.

அதற்குள் நோட்டீஸ் வந்துவிட்டது. மூன்று புகார் அட்டை, மூன்றும் உங்கள் ஊர் மேட்டில் எழுதியவை. வண்டி எண்ணைக் கீழே எழுதச் சொல்லியிருக்கிறேன். பதினைந்து நாளில் சோதனைக்குக் கொண்டுவர வேண்டுமாம். இந்தத் தடம் போனால் பெரியவளைக் காயலான் கடைக்குத் தள்ள வேண்டியதுதான். வேறு தடத்துக்கு இவ்வளவு பழைய வண்டியை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் கூட்டத்தில் அந்த மேட்டில் நிற்கிற தண்டச்சோறு யார் என்று விசாரித்துச் சொல்லுங்கள். "மாமா, இதை அப்படியே எழுதட்டுமா?" என்கிறாள் மருமகள். "எழுதும்மா. தண்டச்சோறுன்னே எழுது. வாத்தியாருக்கும் தெரியட்டும், அவர்கூட எப்பேர்ப்பட்ட ஆளுங்க நிக்கிறாங்கன்னு" என்றேன்.

உடனே பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி

---

மார்ச் 9

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. புது வழித்தடம் கிடைத்ததில் மகிழ்ச்சி. நோட்டீஸைப் பற்றி வருத்தம்.

அட்டை எழுதியவர் யார் என்பதை நேரில் சொல்கிறேன். கடிதத்தில் எழுதுகிற விஷயம் அல்ல அது.

இப்போதைக்கு ஒரு யோசனை. பதினைந்து நாள் இருக்கிறது. நல்ல மெக்கானிக்காகப் பார்த்து இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிடுங்கள். காய்ச்சல்காரப் பையனுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டால் நெற்றி மட்டும்தான் குளிரும். உள்ளே இருக்கிற காரணத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கே என் மனைவி இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. அதன் காரணத்தையும் நேரில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

---

மார்ச் 21

வாத்தியார் சம்பந்திக்கு,

பெரியவள் தேறிவிட்டாள்! சோதனைக் குழாயைப் புகைக்குழாயில் விட்டு மூன்று தடவை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார்கள். அளவில் பாதிகூட வரவில்லை. அங்கிருந்த பெண் அதிகாரி, "பழைய வண்டியா இருந்தாலும் நல்லா வெச்சிருக்கீங்க" என்று சொல்லிச் சான்றிதழ் கொடுத்தாள்.

உங்களுக்குச் சொல்வதற்கென்ன. இன்ஜினைப் பிரித்தால் மூன்று வாரம் ஷெட்டில் நிற்கும். மூன்று வாரம் ஓடாவிட்டால் நேரத்தை வேறு வண்டிக்காரனுக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் மெக்கானிக்கை 'ஸ்பானர்' என்று கூப்பிடுவோம், மகா கில்லாடி. "முதலாளி, இன்ஜினை எதுக்குத் தொடணும்? டீசல் பம்பில ஒரு ஸ்க்ரூ இருக்கு, முக்கால் சுத்து இறக்குறேன், போய்ட்டு வாங்க" என்றான். டீசல் குறைந்தது, புகையும் குறைந்தது. காலி வண்டியாக ஓட்டிக்கொண்டு போய்ச் சான்றிதழ் வாங்கினோம். ஷெட்டுக்குத் திரும்பியதும் ஸ்க்ரூ பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. ஏற்றாவிட்டால் அறுபது பேரோடு உங்கள் மேடு ஏறாது. பின்னால் வருகிற போட்டி வண்டிக்காரன் கையை ஆட்டிக்கொண்டே முந்திப்போய் அடுத்த நிறுத்தத்தில் எல்லாரையும் அள்ளிவிடுவான்.

அந்தத் தண்டச்சோற்றிடம் சொல்லுங்கள், அவன் அட்டை பலிக்கவில்லை என்று.

இப்படிக்கு,
சம்பந்தி

(ஓரத்தில், சிறிய எழுத்தில்: அப்பா, மாமா சொன்னதில் ஒரு வார்த்தைகூட நான் விடவில்லை, திருத்தவும் இல்லை.)

---

மார்ச் 30

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நேரில் சொல்கிறேன் என்று எழுதியது என் கோழைத்தனம். இப்போது எழுதிவிடுகிறேன்.

அந்த மேட்டில் நிற்பது நான்தான். மூன்று அட்டைகளும் நான் எழுதியவை. எழுதும்போது அது உங்கள் வண்டி என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதியனுப்பிய எண்ணை என் நோட்டுப் புத்தகத்தில் தேடியபோது பிப்ரவரி 6, 13, 24 மூன்று தேதிகளிலும் இருந்தது. நோட்டை மனைவியிடம் காட்டினேன். "ஊர்ல ஆயிரம் வண்டி ஓடுது, உங்க கண்ணுக்குச் சம்பந்தி வீட்டு வண்டிதான் பட்டுச்சா?" என்றாள். "முகத்தைப் பார்க்கலை" என்றேன். "பொண்ணு முகத்தையாவது நெனச்சுப் பார்த்தீங்களா?" என்றாள். 

நேற்று நான்காவது அட்டையையும் எழுதினேன். இதைத் தெரிந்தேதான் எழுதினேன். ஏழே முக்காலுக்குப் பெரியவள் மேடு ஏறினாள். நான்காவது கட்டத்தைவிடக் கறுப்பு. ஐந்து எண்ண வேண்டும், நான் பதினொன்று வரை எண்ணினேன். மருந்துக்கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். பஸ் நிறுத்தத்தில் நின்ற பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். புகை கலைந்த பிறகும் ஒருத்தி தலைப்பை எடுக்கவில்லை. அடுத்த வண்டிக்கும் அது வேண்டும் என்று தெரிந்துவைத்திருக்கிறாள்.

அட்டையைப் பத்து நாள் கழித்துப் போடலாம், அதற்குள் உங்களை எச்சரித்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். வேறொரு வண்டிக்காரருக்கு இந்தச் சலுகையைத் தந்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். தந்திருக்க மாட்டேன். அட்டையையும் இந்தக் கடிதத்தையும் ஒரே தபால் பெட்டியில்தான் போடப்போகிறேன். எது முதலில் போய்ச் சேருகிறது என்பது தபால்காரர் கையில் இருக்கிறது.

ஸ்க்ரூ விஷயத்தில் உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்றால் நானும் அந்தப் பாடத்தை மூன்று நாள் முன்பே நடத்தி ஒத்திகை பார்த்திருக்கிறேன். அவர் வந்து கேட்டதும் எல்லாக் கைகளும் உயரும். அவர் பாராட்டிவிட்டுப் போவார். பாடம் தெரியாதவன் மறுநாளும் தெரியாதவனாகவே உட்கார்ந்திருப்பான்.

என் மகளிடம் இதைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை, எழுதவும் இல்லை. இந்தக் கடிதத்தை அவள்தான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள் என்பது தெரியும். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

---

ஏப்ரல் 5

ஐயா,

முதலாளி சொல்ல, டிக்கெட் கிளார்க் எழுதுவது.

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் மகள் அதை முழுவதும் வாசித்துக் காட்டினார். இடையில் நிறுத்தவில்லை. இந்தப் பதிலையும் அவரையே எழுதச் சொன்னதற்கு, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவில என் கை வேண்டாம் மாமா. நீங்க சண்டை போடுங்க, நான் நாளைக்கு வண்டி கிளம்புற நேரத்தைப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

முதலாளி சொல்வதாவது: சம்பந்தி வீட்டு வண்டி என்று தெரிந்த பிறகும் அட்டை எழுதியவரைச் சம்பந்தி என்று கூப்பிட நாக்கு வரவில்லை. அவருக்குப் பயந்து ஸ்க்ரூவை இறக்கினால் அது தோற்றதாகும். இறக்க மாட்டேன். வண்டி வழக்கம்போல ஓடும். முடிந்ததைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஸ்க்ரூவை இறக்கிவிடுவோம், கூட்டத்தைக் குறைத்து ஏற்றலாம் என்று டிரைவரும் சொன்னார், நானும் சொன்னேன். முதலாளி கேட்கவில்லை. இந்த வரியை முதலாளி சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கிளார்க்

---

ஏப்ரல் 17

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

என்னை எப்படிக் கூப்பிடுவது என்பது உங்கள் விருப்பம். நான் பழையபடியே கூப்பிடுகிறேன்.

நேற்றுக் காலை நடந்ததை உங்களுக்கு டிரைவர் சொல்லியிருப்பார். அவர் வண்டிக்குள் இருந்தார், நான் வெளியே இருந்தேன். நான் பார்த்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண் அதிகாரியும் இரண்டு ஊழியர்களும் ஏழரைக்கே சோதனைக் கருவியுடன் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். பெரியவள் வந்ததும் ஓரங்கட்டச் சொன்னார்கள். வண்டியில் நிற்க இடமில்லை. ஜன்னல் வழியாக ஒருவர், "மேடம், நேரம் ஆகுது, எங்களை இறக்கிவிட்டுட்டு அப்புறமா பஸ்ஸுக்கு ஊசி போடுங்க!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார், ஆனால் விடவில்லை. டிரைவர் இறங்கிவந்து நிறப்பட்டையோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரய்யா, நீங்களா?"

"நான்தான்ப்பா."

"முதலாளி சொன்னாரு, நான் நம்பலை" என்றார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

மூன்று தடவை மிதிக்கச் சொன்னார்கள். முதல் தடவையே குழாயைப் பிடித்திருந்த ஊழியரின் சட்டைக் கை கறுத்துவிட்டது. அனுமதித்த அளவு அறுபத்தைந்து. வந்தது எண்பத்தொன்று, எண்பத்துநான்கு, எண்பத்துமூன்று. சாட்சியாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

பயணிகளை இறக்கிப் பின்னால் வந்த வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஆம், அந்தப் போட்டி வண்டிதான். அதன் டிரைவர் கையை ஆட்டவில்லை. உங்கள் டிரைவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனார். அந்த வண்டியும் புகைந்தது, ஆனால் இரண்டாவது கட்டத்தைத் தாண்டவில்லை. அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

"ஒருத்தர் இவ்வளவு விடாம எழுதறது அபூர்வம். இந்த வண்டியைப் பத்தி வேற ஏதாவது தெரியுமா உங்களுக்கு?" என்று அதிகாரி கேட்டார். ஸ்க்ரூ கதை எழுதிய உங்கள் மார்ச் மாதக் கடிதம் என் சட்டைப் பைக்குள் இருந்தது. "நான் பார்த்ததை எழுதிட்டேன்" என்றேன்.

இதற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

---

மே 20

வாத்தியாருக்கு,

நானே எழுதுகிறேன். நாலாவது வரை படித்த கை. எழுத்து பெரிதாகத்தான் இருக்கும்.

அனுமதி போய்விட்டது. பெரியவள் ஷெட்டில் நிற்கிறாள். டயரைக் கழற்றிவிட்டார்கள். விற்க மனசு வரவில்லை.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. உங்கள் மகளிடம் அதைக் காட்டவில்லை. முதல் வாரம் அவளோடு பேசாமல் இருந்தேன். அவள் கண்டுகொள்ளவே இல்லை. "மாமா, ஆறு மணி வண்டி டிரைவர் லீவு, யாரை அனுப்பலாம்?" என்று எப்போதும்போல வந்து நின்றாள். வண்டி கிளம்ப வேண்டுமே. பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அப்படியே பேச்சு வந்துவிட்டது.

என் மகன் வந்து, "அவர் செஞ்சது தப்பில்லைப்பா" என்றான். அவனுக்கு இரண்டு நாள் சோறு போட வேண்டாம் என்றேன். அவன் அம்மா போட்டாள்.

இப்போதைக்கு வீட்டுக்கு வர வேண்டாம். வந்தால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஸ்க்ரூ கதையை நானே உங்களுக்கு எழுதியிருந்தேன். அதைக் காட்டியிருந்தால் மற்ற இரண்டு வண்டிகளுக்கும் சேர்த்துச் சீட்டுக் கிழிந்திருக்கும். ஏன் காட்டவில்லை?

சம்பந்தி

---

மே 27

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கையெழுத்தில் எனக்கு வந்த முதல் கடிதம். எழுத்து பெரிதாக இருப்பதால் கண்ணாடி இல்லாமலே வாசிக்க முடிந்தது.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நம்பிச் சொன்னதைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற கொள்கையால்தான் காட்டவில்லை என்று எழுதலாம். கேட்க நன்றாக இருக்கும். அது முழு உண்மை இல்லை. அந்தக் கடிதம் உங்கள் மருமகளின் கையெழுத்தில் இருந்தது. அதை அதிகாரியிடம் கொடுத்திருந்தால், "எழுதினது யாரு?" என்றுதான் முதல் கேள்வி வந்திருக்கும். முகத்தைப் பார்க்காமல் மதிப்பெண் போடுகிறவன் என்று உங்களிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அன்று அந்த மேட்டில் நின்றபோது பார்த்துவிட்டேன். இதை உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

வர வேண்டாம் என்றீர்கள், வரவில்லை. என் மனைவி மட்டும் அடுத்த வாரம் மகளைப் பார்க்க வருகிறாள். அவள் உங்கள் பக்கம் பேசுகிறவள், வரவேற்பு குறையாது என்று நம்புகிறேன். தபாலில் இதுபோல நீங்களே எழுதுங்கள். கோபத்தையும் எழுதலாம்.

மேட்டில் இன்னும் நிற்கிறேன். உங்கள் மற்ற இரண்டு வண்டிகளின் எண்ணும் இப்போது எனக்கு மனப்பாடம். அவை இந்தப் பக்கம் வந்தால் பட்டையை உயர்த்திப் பிடிப்பேன், வேறு விதமாகச் செய்ய எனக்குத் தெரியாது. அவற்றில் ஸ்க்ரூ எந்த நிலையில் இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. ஸ்பானரையும் கேட்காதீர்கள். ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்.

நாளைக் காலை, முதல் நடை கிளம்புவதற்கு முன், இன்ஜின் சூடானதும், ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து கம்பில் கட்டிப் புகைக்குழாய் வாய்க்கு ஒரு சாண் தள்ளி நீங்களே பிடியுங்கள். டிரைவரை மூன்று தடவை மிதிக்கச் சொல்லுங்கள். பிறகு துணியைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி